கிழியாத தொப்பி

மூன்றாவது வீட்டு வாசலில் ஹொசாகா சுமியே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தபோது, உள்ளேயிருந்து வந்த பதில் ஒரு வாளித் தண்ணீர்.

பிப்ரவரி மாதம். சுவா ஏரி கரையோடு கரையாக உறைந்து கிடந்த வாரம். ஊற்றியவன் இறந்துபோன கிழவரின் மகன். ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். சுமியே எழுந்திருக்கவில்லை. நாலடி பின்னால் குடையோடு நின்றிருந்த தலைமை நர்ஸ் மொமொசே, "இன்னும் ரெண்டு நிமிஷம் அப்படியே இருங்க. ஜன்னல் வழியா பார்ப்பாங்க" என்று மெல்லச் சொன்னாள். சுமியே இருந்தாள். தலைமுடி குச்சி குச்சியாக விறைத்தது.

அது நடந்து பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், ஏரிக்கரை ஊரான ஒகாயாவில் ஒரு விலாங்கு மீன் கடையின் பின்கட்டில் மிகாமோ அவளைக் கண்டுபிடித்தான்.

மிகாமோவுக்கு நாற்பத்து மூன்று வயது. தனியார் துப்பறிவாளன். அதற்கு முன்னால் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய்யாகக் கால் ஒடித்துக்கொண்டவர்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவன். கூட வந்தவள் ஒதோவா. ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் எண்டோஸ்கோப்பி பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு, "ஊரார் குடலைப் பார்த்து அலுத்துப்போச்சு, இனிமே குணத்தைப் பார்ப்போம்" என்று இவனிடம் உதவியாளராகச் சேர்ந்தவள்.

வழக்கு இதுதான். பித்தநாளத்துக்குள் விடும் எண்டோஸ்கோப் குழாயின் நுனியில் ஒரு குட்டி நெம்புகோல் உண்டு. அதன் அடியில் இருக்கும் இடுக்குக்குள் எந்தப் பிரஷ்ஷும் சரியாகப் போகாது. ஒரு நோயாளியின் அழுக்கு அங்கே தங்கி அடுத்தவர் வயிற்றுக்குள் போய்விடும். அதைத் தடுக்க ஒகாயாவின் கருவி வடிவமைப்பாளர் கராசவா ஒரு தொப்பி செய்தார். மென்மையான பிளாஸ்டிக், உள்ளே ஒரு கெட்டி வளையம், பக்கவாட்டில் ஒரு கிழிசல் கோடு. குழாயின் நுனியில் மாட்டினால் இடுக்கு மூடிக்கொள்ளும். கழற்றும்போது தானாகக் கிழிந்துவிடும். ஒரு நோயாளிக்கு ஒரு தொப்பி. இரண்டாம் தடவைக்கு வழியே இல்லை. மாகாணமே அவருக்கு விருது கொடுத்தது.

ஊருக்கு மேற்கே இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் அந்தத் தொப்பியை ஒரு வருடம் சோதனைக்கு விட்டார்கள். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் அங்கே எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமி ஐந்து பேருக்குத் தொற்றியது. மூன்று பேர் செத்தார்கள். குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று கழுவும் பணியாளர் சுமியேவை ஆஸ்பத்திரி கைகாட்டியது.

மிகாமோவை அமர்த்தியவர் கராசவாதான். "என் தொப்பி போட்டிருந்தா கழுவறவங்க தப்புப் பண்ணினாலும் தொத்தாது. அங்க வேற ஏதோ நடந்திருக்கு. கண்டுபிடிங்க. எது கிடைச்சாலும் முதல்ல எங்கிட்டக் கொண்டுவாங்க" என்று கேட்டிருந்தார்.

விலாங்குத் தொட்டிக்குப் பக்கத்தில் சுமியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை முழங்கைவரை சிவந்து வெடித்திருந்தது.

"ஹொசாகா அம்மா, நாங்க போலீஸ் இல்ல" என்றான் மிகாமோ.

"நான்தாங்க கழுவல. எழுதிக் கொடுத்துட்டேனே." தலையை நிமிர்த்தவில்லை.

"நானும் படிச்சேன்" என்றாள் ஒதோவா, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "நாலு பக்கம். அதுல ஏழு இடத்துல 'மேற்படி சம்பவம்'. அழுதுகிட்டே எழுதறவ எவளாவது 'மேற்படி'ன்னு எழுதுவாளா? பக்கத்துல நின்னு சொன்னது யாரு?"

சுமியே தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

மிகாமோ பேச்சை மாற்றினான். "அந்தத் தொப்பி இருக்கே, கிழிஞ்சதையெல்லாம் குப்பையில போடறது உங்க வேலைதானே?"

"ஆரம்பத்துல போட்டேன். அக்டோபருக்கு அப்புறம் கிழிஞ்ச தொப்பியை நான் கண்ணால பார்க்கல. டாக்டருங்களே போட்டுடறாங்கன்னு மொமொசே மேடம் சொன்னாங்க."

"டாக்டர் குப்பை போட்டானா!" ஒதோவா தொடையைத் தட்டினாள். "இருபத்தாறு வருஷத்துல ஒரு டாக்டர் தான் குடிச்ச காபி கப்பைத் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்ல. சார், எழுதிக்கோங்க. இந்தக் கேஸ்ல முதல் பொய் கிடைச்சாச்சு."

சுமியே முதல் முறையாகக் கையை நிறுத்தினாள். சுவரில் தொங்கிய தன் கோட்டிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு பாலிதீன் பையை எடுத்துவந்தாள். உள்ளே ஒரு தொப்பி.

"ஜனவரியில கழுவற தொட்டியோட வடிகால்ல அடைச்சிருந்துச்சு. மேடம்கிட்ட காட்டலாம்னு எடுத்து வெச்சேன். மறுநாளே என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சு விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

ஒதோவா பையைப் பிரிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். தொப்பி பயன்படுத்தியது; பழுப்பேறியிருந்தது. ஆனால் முழுசாக இருந்தது. ஓர் இழை கூடக் கிழியவில்லை.

காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருவரும் சோதனை நடத்தினார்கள். கராசவா கொடுத்திருந்த ஆறு புதுத் தொப்பிகளும், குழாய் நுனியின் அளவில் ஓர் எஃகுக் கம்பியும் இருந்தன. ஒதோவா மாட்டினாள், கழற்றினாள். கிழிந்தது. எண்ணெய் தடவிக் கழற்றினாள். கிழிந்தது. வெந்நீர்க் குடுவையில் முக்கி, கொஞ்சிக் கொஞ்சிக் கழற்றினாள். அதுவும் கிழிந்தது. மிகாமோ முயன்றபோது கிழிந்ததோடு அவன் நகமும் பெயர்ந்தது.

"கையால முடியாது" என்றான் விரலைச் சூப்பிக்கொண்டே. "ஏதோ ஒரு கருவி இருக்கு. சுமியே கொடுத்த தொப்பியோட வளையத்துல ரெண்டு பக்கமும் பிறை மாதிரி கீறல். எதையோ உள்ளே விட்டு நெம்பியிருக்காங்க."

"அதை எங்க தேடறது? மொமொசேவோட மேஜையில போய் 'அம்மா தாயே, கொலை பண்ணின கருவியைக் கொஞ்சம் காட்டுங்க'ன்னா?"

"அப்படித்தான்."

"சரி, வண்டியை அந்தப் பலசரக்குக் கடைகிட்ட நிறுத்துங்க. ஒரு பொருள் வாங்கணும்."

என்ன பொருள் என்று அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. கேட்காதது தப்பு என்று பிறகு அவனுக்குத் தெரிந்தது.

ஒதோவாவின் பழைய நர்ஸ் சங்க அட்டை இரண்டரை மணிக்கு அவர்களை எண்டோஸ்கோப்பி பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டது. மாகாணத்தில் குழாய் கழுவும் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். மொமொசே தேநீர் கொடுத்தாள். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத உடுப்பு, தாலாட்டுப் பாடுவது போன்ற குரல்.

"நடந்தது பெரிய வேதனைங்க. சுமியே நல்ல பொண்ணுதான். கவனம்தான் பத்தாது" என்றாள்.

"ஆமாமா, எத்தனை நல்ல கருவி வந்தாலும் கழுவறவங்க கழுவணுமே" என்று ஒதோவா உச்சுக் கொட்டினாள். "இந்தத் தொப்பி எவ்வளவு இறுக்கமா உட்காருதுன்னு வகுப்புல காட்டணும். சார், சுண்டு விரலை நீட்டுங்க."

மிகாமோ நீட்டினான். அவள் ஒரு தொப்பியை வைத்து, உள்ளங்கையால் ஒரே அழுத்தாக விரல் மூட்டைத் தாண்டி இறக்கினாள்.

"அக்கா! வலிக்குது!"

"வலிக்காம எப்படி? கழட்டிடுவோம், கிழிஞ்சு வந்துடும்." இழுத்தாள். கிழியவில்லை. மறுபடி இழுத்தாள். மிகாமோவின் கண்ணில் தண்ணீர் வந்தது. விரல் சிவந்து, நாவல்பழ நிறத்துக்கு மாறத் தொடங்கியது.

மொமொசே எழுந்து வந்தாள். கிழிசல் கோட்டில் நகம் வைத்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள்; வளையத்துக்கும் விரலுக்கும் நடுவே முனை நுழையவில்லை.

"இது எப்படிக் கிழியாம இருக்கு?"

"பழுதான சரக்கு போலிருக்கு" என்றாள் ஒதோவா நிதானமாக. "விடுங்க. ஒரு விரல்தானே. இன்னும் ஒன்பது இருக்கு."

"மரத்துப் போச்சு அக்கா... நிஜமாவே மரத்துப் போச்சு..." மிகாமோ நடிக்கவில்லை. அவனுக்கு எதுவும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை.

மொமொசே அந்த விரலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள். நகம் கறுத்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் நர்ஸாக இருந்த கை, மூளையைக் கேட்காமல் தானாகக் கழுத்துக்குப் போனது. அடையாள அட்டையின் பின்னாலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு எஃகுப் பட்டை வெளியே வந்தது. நுனியில் இரண்டு பிறைகள்.

"அசையாதீங்க" என்றாள்.

பிறைகளை வளையத்துக்கு அடியில் விட்டு ஒரு திருகு திருகினாள். தொப்பி முழுசாகக் கழன்று மேஜையில் உருண்டது.

மிகாமோ விரலை அக்குளில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அழகான பட்டை" என்றாள் ஒதோவா. "கிழிசல் கோட்டுல நான் பசை போட்டு ஒட்டியிருந்தேன். அப்படியும் இவ்வளவு சுலபமா கழண்டுச்சே."

மொமொசேவுக்கு எல்லாம் புரிய மூன்று விநாடி ஆனது. மெல்ல உட்கார்ந்தாள். அழவில்லை. மேஜையில் சிந்தியிருந்த தேநீரைத் துணியால் துடைத்தாள்.

"உங்களை அனுப்பினது யாரு?"

"அதைச் சொல்ல மாட்டோம்" என்றான் மிகாமோ.

"கராசவாதானே?" அவள் சிரித்தாள். "போன வாரம் ரெண்டு தடவை போன் பண்ணினான், பட்டையைத் திருப்பிக் கொடுன்னு. மாட்டேன்னேன். நாளைக்கு என் தலை உருண்டா அவன் தலையும் உருளணுமில்ல? அதான் ஆளை வெச்சுத் தேடறான். நீங்க குற்றவாளியைத் தேடறதா நினைச்சீங்களா? அவனோட பொருளை அவனுக்கு எடுத்துட்டுப் போக வந்திருக்கீங்க."

மிகாமோவின் முகம் மாறியது. ஒதோவா அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"பட்டையைச் செஞ்சது கராசவாவா?"

"என் வீட்டு அடுப்படியில கடைசல் இயந்திரமா இருக்கு? நோயாளிக்கு ஒண்ணுன்னா செலவு கட்டுப்படியாகாது, அடுத்த வருஷம் வாங்க மாட்டோம்னு எங்க நிர்வாகம் சொல்லிடுச்சு. அடுத்த வாரமே காஞ்ச சீமைப் பனிச்சைப் பழம் ஒரு பெட்டி கொண்டுவந்தான். பழத்துக்கு அடியில இது. 'நல்லாக் கழுவினா ஒரு தொப்பி ஏழெட்டுத் தடவை தாங்கும், வெளியில தெரிய வேண்டாம்'னான். கழுவினேன். என் கையாலதான் கழுவினேன். சுத்தமாத்தான் கழுவினேன்."

"அப்புறம் எதுக்கு சுமியேவை வீடு வீடா மண்டியிட வெச்சீங்க?" ஒதோவாவின் குரலில் கேலி இல்லை.

"யாராவது ஒருத்தர் மண்டியிடணும். அவளுக்குப் புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. ஏன்னு கேட்க ஒரு ஆள் இல்ல." மொமொசே துணியை நாலாக மடித்து வைத்தாள். "ஆள் இருக்கறவளைத் தேர்ந்தெடுத்திருந்தா அது முட்டாள்தனம்."

மூன்றரை மணிக்குப் போலீஸ் வந்து மொமொசேவையும் பட்டையையும் சுமியேவின் பாலிதீன் பையையும் எடுத்துக்கொண்டது. கராசவாவின் பட்டறை ஏரிக்கரையில் பத்து நிமிட தூரம். போலீஸ் அங்கே வருவதற்குள் மிகாமோ அவரிடம் ஒரு கேள்வி கேட்க விரும்பினான். போகும் வழியில் ஒதோவா கடைசிப் புதுத் தொப்பியைச் சவர பிளேடால் நெடுக்காகப் பிளந்தாள்.

"பாருங்க சார்" என்று ஒரு பாதியை நீட்டினாள். வளையத்தின் உள்பக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடியது.

கராசவா வாசலுக்கே வந்து வரவேற்றார். அறுபத்தைந்து வயது. அழுத்தி வாரிய வெள்ளைத் தலை, காதில் பென்சில். ஊறுகாயும் தேநீரும் வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.

"கிடைச்சுதா?"

மிகாமோ பிளந்த தொப்பியின் பாதியை அந்த உள்ளங்கையில் வைத்தான்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். கிழிஞ்சுதான் வரணும்னு செஞ்ச பொருளுக்குள்ள, பிடிச்சுக் கழட்டறதுக்குன்னு ஒரு பள்ளம் எதுக்கு? திறக்கவே கூடாத கதவுல சாவித்துவாரம் வெச்சது யாரு?"

கராசவா தொப்பியை மேஜையில் வைத்தார். தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"மொமொசே பேசிட்டாளா?"

"ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு இருப்பா" என்றாள் ஒதோவா. "மேற்படின்னு எழுதறதுல அவ கெட்டிக்காரி."

"அவ எவ்வளவு கழுவினாலும் அந்தப் பள்ளத்துக்குள்ள பிரஷ் போகாது" என்றான் மிகாமோ. "குழாயில இருந்த இடுக்கை மூடத்தான் தொப்பி செஞ்சீங்க. பட்டை மாட்டறதுக்காகத் தொப்பிக்குள்ள நீங்களே புதுசா ஒரு இடுக்கு செஞ்சீங்க. கிருமி வீடு மாறிக்கிச்சு, அவ்வளவுதான்."

கராசவா மறுக்கவில்லை. குரல்கூட உயரவில்லை. "மூணு பேர். எழுபத்தொன்பது வயசு, எண்பத்திரண்டு வயசு, எண்பத்தாறு வயசு. எல்லாருக்கும் பித்தநாளத்துல புற்று. இன்னும் ஆறு மாசம் இருந்திருப்பாங்களா? என் தொப்பி நாடு முழுக்கப் போனா எத்தனை ஆயிரம் பேர் பிழைப்பாங்க தெரியுமா?"

"எண்பத்தாறு வயசுக்காரருக்குப் புற்று இல்ல" என்றாள் ஒதோவா. "கல்லு. கல்லை எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை ஏரியில பனியைத் துளைச்சு மீன் பிடிக்கறதா இருந்தாரு. தூண்டில்கூடப் புதுசா வாங்கி வெச்சிருந்தாராம்."

கராசவா அவளைப் பார்க்கவில்லை. மிகாமோவிடம்தான் பேசினார். "நீங்க என்னை ஏதோ அரக்கன்னு நினைக்கறீங்க. குறையைக் கண்டதும் திருத்தறவன் நான். இங்க வாங்க." சுவரோரம் இருந்த அலமாரியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது. "புது மாதிரி. பள்ளமே இல்ல. வளையத்தையே எடுத்துட்டேன். எந்தப் பட்டையாலயும் இதைக் கழட்ட முடியாது. நிஜமாவே ஒரு தடவைதான். பாருங்க, எவ்வளவு சுத்தமான கோடு."

மிகாமோ கோட்டைப் பார்க்கவில்லை. தாளின் வலது மூலையைப் பார்த்தான். அங்கே கராசவாவின் சிவப்பு முத்திரையும் அதற்குக் கீழே ஒரு தேதியும் இருந்தன.

"டிசம்பர் ஏழு" என்று படித்தான்.

"ஆமா. நாலே நாள்ல வரைஞ்சு முடிச்சேன்."

"முதல் மரணம் டிசம்பர் மூணு. சேதி கேட்டதும் உங்களுக்குக் காரணம் புரிஞ்சுடுச்சு. நாலு நாள்ல திருத்திட்டீங்க. ஆனா பழைய தொப்பியைத் திரும்ப வாங்கல. வாங்கினா தப்பு உங்களுதுன்னு தெரிஞ்சுடும்." மிகாமோ நிமிர்ந்தான். "ரெண்டாவது ஆள் செத்தது டிசம்பர் இருபத்தொண்ணு. மூணாவது ஆள் ஜனவரி ஒன்பது."

கராசவா வரைபடத்தைச் சுருட்டக் கையை நீட்டினார். ஒதோவாவின் கை அதன்மேல் முன்பே அழுந்தியிருந்தது.

"விடுங்க சார்" என்றாள். "விருது வாங்கின கை. வேர்க்கக் கூடாது."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கராசவா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் நேராக வைத்தார். போலீஸ்காரர்கள் உள்ளே வந்தபோது எழுந்து நின்று, முறையாகக் குனிந்து வணக்கம் சொன்னார். அவர்களுக்கும் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் மதியம் இருவரும் விலாங்குக் கடைக்குப் போனார்கள். தண்ணீர் ஊற்றிய மகனுக்கு மிகாமோ காலையில் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவன் "ஓஹோ" என்று சொல்லி வைத்துவிட்டான். அதை மிகாமோ சுமியேவிடம் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னான்: பட்டை, பள்ளம், தேதி, மொமொசே.

சுமியே கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்லீங்க. நவம்பர் பதினாறாம் தேதி நான் பிரஷ்ஷை உள்ளே விடாம மேலாக அலசிட்டேன். அன்னிக்குத்தான் கிருமி வந்துச்சு. மொமொசே மேடம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, யோசி, யோசின்னு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கடைசியில ஞாபகம் வந்துடுச்சு. பிரஷ் நீல நிறம். தண்ணி அன்னிக்கு வெதுவெதுன்னு இருந்துச்சு. இப்பவும் கண்ணு முன்னால நிக்குது."

ஒதோவாவும் மிகாமோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிகாமோ பையிலிருந்து ஆஸ்பத்திரியின் வருகைத் தாளின் நகலை எடுத்துக் கொடுத்தான்.

"பதினாறாம் தேதி நீங்க வேலைக்கே வரலம்மா. பல் பிடுங்கப் போயிருந்தீங்க. லீவு."

சுமியே ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். தன் பெயருக்கு நேரே இருந்த லீவு வட்டத்தை விரலால் தொட்டாள். நாக்கால் கன்னத்துக்குள் அந்தப் பல் இருந்த இடத்தைத் தேடுவது வெளியே தெரிந்தது.

"அப்போ அன்னிக்குக் கழுவினது யாரு?"

"அகானேன்னு ஒரு பொண்ணு" என்றான் மிகாமோ.

அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பயம் வந்தது. தாளை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். எட்டாக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள்.

"இதை யாருக்கும் காட்டாதீங்க. அவளுக்குக் கைக்குழந்தை. அவளை அந்த வீடுகளுக்கு அனுப்பிடுவாங்க. நான் போயாச்சு, முடிஞ்சு போச்சு. நானே கழுவலைன்னு இருக்கட்டும்."

"அம்மா, யாருமே கழுவாம விடல. அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னோம்" என்றாள் ஒதோவா.

"நீங்க சொல்றீங்க" என்றாள் சுமியே. "ஆஸ்பத்திரியில யாரும் அப்படிச் சொல்லலையே."

ஒதோவா தாளுக்காகக் கையை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். சுமியே அவர்களுக்கு முதுகைக் காட்டி, அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.